கருவிழியின் கடத்திப் புரதமும் அதைக் காட்டும் எதிர்ப்பொருளும்

எஸ்எல்சி4ஏ11 என்னும் கடத்திப் புரதம் கருவிழியின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக மூடியிருக்கும் எண்டோதீலியச் செல்களின் சவ்வில் இருக்கிறது. கருவிழிக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியே இறைப்பது அந்த அடுக்கின் வேலை. இறைப்பு குறைந்தால் கருவிழி நீர் கோத்து வெளுத்துப்போகும். பிறவியிலேயே அப்படி நேரும் எண்டோதீலியச் சிதைவு நோயின் ஒடுங்கு வகை, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் வழக்கமுள்ள தென்னிந்தியாவில் அதற்கான வாய்ப்பு கூடுதல்.

இப்புரதத்துக்கான மரபணு 2001இல் பைகார்பனேட் கடத்திகளின் உறவாக விவரிக்கப்பட்டது. 2004இல் அதன் புரதம் போரேட் கடத்தி என்று சொல்லப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. நோயோடு அதற்குள்ள தொடர்பை 2006இல் நிறுவியது சிங்கப்பூரின் எரங்கா விதானாவும் கூட்டாளிகளும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினரும் அக்குழுவில் இருந்தனர். அடுத்த ஆண்டே சென்னை நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் மரபியல் ஆய்வாளர்கள், சிங்கப்பூர், லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து புதிய சடுதிமாற்றங்களை வெளியிட்டனர். எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் தொடங்கிய அம்மருத்துவமனையில் சிகிச்சையும் ஆய்வும் ஒரே குடையின் கீழ் நடக்கின்றன.

ஆனால் மரபணுவில் எந்த எழுத்து மாறியது என்று தெரிந்தால் மட்டும் போதாது. மாறிய புரதம் உருவாகிறதா, உருவானாலும் சவ்வுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் நோயின் உண்மையான கேள்வி. அதை அறிய, புரதத்தைப் பற்றி அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள் வேண்டும். 2006 ஆய்வு ஒரு குறுக்குவழியைக் கையாண்டது. இன்ஃபுளுயன்சா வைரஸின் ஹீமக்ளூட்டினினிலிருந்து எடுத்த 9 அமினோ அமிலத் துண்டைப் புரதத்தோடு ஒட்டி, அத்துண்டுக்கென்று ஏற்கெனவே கிடைத்த எதிர்ப்பொருளால் அதைத் தேடினர். இயல்பான புரதம் செல்லின் மேற்பரப்பில் தெரிந்தது. சடுதிமாற்றம் பெற்றவையோ முதிராமல் உள்ளேயே தங்கிவிட்டன. நோய்க்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும்படி கிடைத்தது அங்கேதான்.

ஒட்டுத்துண்டு வளர்ப்புச் செல்லுக்குத்தான் உதவும். நோயாளியின் கருவிழித் திசுவில் அது கிடையாது. அங்கே புரதத்தையே பற்றும் எதிர்ப்பொருள் தேவை. அதைத் தேர்வது எளிதல்ல. புரதத்தின் பெரும்பகுதி சவ்வுக்குள் புதைந்திருப்பதால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் சிறு பெப்டைடு ஒன்றை முயலுக்குச் செலுத்தி எதிர்ப்பொருளை உண்டாக்குவது வழக்கம். இப்புரதத்தின் 918, 891, 875 அமினோ அமில வடிவங்கள் மூன்றும் தொடக்கமுனையில் மட்டுமே வேறுபடுகின்றன. அம்முனைக்கு எதிராக உண்டாக்கியது ஒரு வடிவத்தைக் காட்டி மற்றதைத் தவறவிடலாம். செல்லின் உட்புறப் பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருளுக்குச் சவ்வைத் துளைத்தாக வேண்டும். துளைத்தபின் மேற்பரப்பில் இருப்பதும் உள்ளே தங்கியதும் சேர்ந்தே தெரியும். அதனால் மேற்பரப்புப் புரதங்களில் மட்டும் பயோட்டின் என்னும் சிறு மூலக்கூறை ஒட்டிப் பிரித்தெடுத்து, வெஸ்டர்ன் பிளாட் என்னும் சோதனையில் எதிர்ப்பொருளால் அளக்கிறார்கள்.

கனடாவின் ஜோசப் கேசி குழு 2014இல் இவ்வகை அளவீடுகளால் ஒரு நம்பிக்கையான செய்தியைத் தந்தது: செல்களை 37 டிகிரிக்குப் பதில் 30 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் சில சடுதிமாற்றப் புரதங்கள் மேற்பரப்பை எட்டுகின்றன. புரதத்தின் தவறான மடிப்பைச் சரிசெய்யும் மருந்தைத் தேடும் ஆய்வுகள் அந்த முடிவை ஒட்டியே நடக்கின்றன.