வட்டம் விழாத பிளேட்டுகள்

1955-இல் ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் திரும்பிய ஒருவருக்குச் சீதபேதி. மலத்தை வளர்த்துப் பார்த்ததில் ஷிகெல்லா கிடைத்தது. அதில் புதுமை இல்லை. போருக்குப் பிந்தைய ஜப்பானில் சீதபேதி ஊரெங்கும் இருந்தது. ஆனால் சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் என்று கையிலிருந்த நான்கு மருந்துகளுக்கும் அந்தக் கிருமி மசியவில்லை.

மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தின் கல்ச்சர் மேசையிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான். மாணவர்களுக்கு இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் அந்த நோயாளியிலிருந்துதான் தொடங்குவேன். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால்தான் கிருமிக்கு எதிர்ப்பு வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். எதிர்ப்பு எப்படிப் பரவுகிறது என்பது வேறு கதை. அது மலத்திலும் தண்ணீரிலும் இருக்கிறது.

ஜப்பானியர்கள் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அத்தகைய நோயாளிகளின் குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலையும் அதே நான்கு மருந்துகளைத் தாங்கிக்கொண்டு நின்றது. 1959-இல் ஒச்சியாய் குழுவும் அகிபா குழுவும் இரண்டு கிருமிகளையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தன. ஈ. கோலையின் எதிர்ப்பு ஷிகெல்லாவுக்குத் தாவியது. நான்கும் சேர்ந்தே தாவியது. காரணம், எதிர்ப்பைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையம், ஒட்டி நிற்கும் அடுத்த கிருமிக்குத் தன் படியைக் கொடுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்து வருவது மாதிரி: கொடுத்த வீட்டில் எதுவும் குறையாது, இரண்டு வீட்டிலும் எரியும். கெயோ பல்கலைக்கழகத்தின் வாட்டனாபே 1963-இல் இதையெல்லாம் ஆங்கிலத்தில் தொகுத்து எழுதிய பிறகுதான் மேற்கு நாடுகளில் பரவலாகக் கவனித்தார்கள்.

நம் பக்கத்தில் 1972-இல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியது. 1948 முதல் அந்தக் காய்ச்சலில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய குளோராம்பெனிகால் கேட்கவில்லை. அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் பணிக்கரும் விமலாவும் அந்த எதிர்ப்பு கிருமிக்குக் கிருமி தாவக்கூடியது என்று காட்டி, அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நம் ஆய்வகங்களில் இந்தப் பெயர்களைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

மேசையில் இது எப்படித் தெரியும்? சிறுநீரோ சீழோ வந்தால் மெக்கான்கி பிளேட்டில் லூப்பால் இழுத்து, இன்குபேட்டரில் 37 டிகிரியில் வைப்போம். காலையில் ஈ. கோலை ரோஜா நிறப் புள்ளிகளாக நிற்கும். கிளெப்சியெல்லா கொழகொழவென்று, லூப் பட்டால் நூலாக இழுபடும். அதைக் கரைத்து முல்லர்-ஹிண்டன் பிளேட்டில் பஞ்சுக்குச்சியால் பூசி, மேலே மருந்து டிஸ்க்குகளை வைப்போம். மருந்து கேட்டால் மறுநாள் டிஸ்க்கைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். அதை ஸ்கேலால் மில்லிமீட்டர் கணக்கில் அளப்போம்.

முதலில் செஃபோடாக்சிம் வட்டம் சுருங்கியது. டாக்டர்கள் இமிபெனம், மெரோபெனம் பக்கம் போனார்கள். பிறகு ஒருநாள் இமிபெனம் டிஸ்க்கின் விளிம்புவரை கிளெப்சியெல்லா படர்ந்திருந்தது. தரச் சோதனைக்கு வைத்திருக்கும் ஈ. கோலைக்கு, அதே குப்பி டிஸ்க்கில் வட்டம் சரியாக விழுந்திருந்தது. ஐசியூவிலிருந்து போன்: "மேடம், எதுதான் கேட்கும்?" கொலிஸ்டின் என்றேன். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து. வேறு பெயர் சொல்ல என்னிடம் இல்லை.

டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008-இல் கிடைத்த கிளெப்சியெல்லாவில், இமிபெனம், மெரோபெனம் போன்ற மருந்துகளை உடைக்கும் புதிய நொதி ஒன்று இருந்தது. அதுதான் என்டிஎம்-1; 'என்டி' என்றால் நியூ டெல்லி. 2010 மார்ச்சிலேயே மும்பை ஹிந்துஜா மருத்துவமனை டாக்டர்கள், இம்மருந்துகளுக்கு மசியாத 24 கிருமிகளில் 22-இல் அது இருந்ததாக இந்திய இதழிலேயே எழுதினார்கள். ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத் தரமணி வளாகத்தின் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் என்டிஎம்-1. நாடே கொதித்தது, டெல்லியின் பெயரை எப்படி வைக்கலாம், நம் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றெல்லாம் பேச்சு. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு சாக்கடைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

ஏனென்றால் அடுத்த ஆண்டே டெல்லித் தெருத் தண்ணீரைச் சோதித்தார்கள். தேங்கி நின்ற நீரில் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்த் தண்ணீரில் 50-இல் 2-இலும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. காலரா கிருமியிலும் ஷிகெல்லாவிலும்கூட ஏறியிருந்தது. மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர் குடலுக்கும் அது போய்ச் சேரும் வழி இதுதான். குடலில் தங்கியிருக்கும், காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது, விமானம் ஏறும். நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்வந்த சுமார் 2000 பயணிகளை ஆராய்ந்து 2017-இல் வந்த கட்டுரையைப் பாருங்கள். செஃபோடாக்சிம் வகை மருந்துகளை உடைக்கும் குடல் கிருமிகள், தெற்காசியா வந்து போனவர்களில் நூற்றுக்கு 75 பேரிடம் புதிதாகக் குடியேறியிருந்தன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மறைந்துவிட்டாலும், சிலரிடம் ஓராண்டு கழித்தும் இருந்தன.

2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் மசியாத டைபாய்டு கிளம்பியது. மரபணுவைப் படித்தவர்கள், அதன் பிளாஸ்மிட் ஈ. கோலையிலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். ஜப்பானியர்கள் சோதனைக்குழாயில் காட்டியதுதான் வெளியிலும் நடந்திருக்கலாம்.

புது மருந்து வரட்டும், வேண்டியதுதான். ஆனால் அதையும் தோற்கடிக்கும் மரபணு இதே வழியில்தான் வரும். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அவசர கேஸ் என்றாலும் ரத்தம் எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும். உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் தெருக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது, அங்கே அதைச் சுத்திகரிக்கிறார்களா? பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.