அந்தப்புரமும் அரியணையும்: டொனா கத்தரினாவின் திருமணங்கள்

அந்தப்புரத்தை நிலைக்களனாகக் கொண்ட கற்பனைக் கதைகள் இன்று யப்பானியச் சித்திரக்கதைகளின் வாயிலாக உலகெங்கும் பரவியுள்ளன. நாயகன் ஒருவனைச் சூழ்ந்து இளவரசியர் பலர் நிற்பர். அவர்தம் காதலின் வழியே நாடுகளும் நட்பும் அவனை வந்தடையும். அரசியலுக்காக நிகழ்ந்த மணம் ஈற்றில் காதலாகக் கனிவதே அக்கதைகளின் மரபு. வரலாற்றில் அத்தகைய மணங்கள் எவ்வாறு அமைந்தன என்பதை, மட்டக்களப்போடு தொடர்புடைய ஓர் அரசியின் வாழ்வைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி மன்னன் கரலியத்த பண்டாரவின் மகள் குசுமாசனதேவி. சீதாவக்கை முதலாம் இராசசிங்கனின் படையெடுப்பினால் நாடிழந்த தந்தை திருகோணமலைப் பகுதியில் இறக்க, குழந்தையான அவள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் மன்னாரில் வளர்ந்து, டொனா கத்தரினா எனத் திருமுழுக்குப் பெற்றாள். 1594இல் போர்த்துக்கேயத் தளபதி பேதுரு லோபஸ் த சூசா அவளைக் கண்டியின் அரசியாக்கப் பெரும்படையுடன் சென்றான். போர்த்துக்கேயன் ஒருவனுக்கு அவளை மணமுடிப்பர் என்னும் ஐயம் பரவவே, கண்டி மக்களின் ஆதரவு விலகிற்று. தந்துறைப் போரில் வென்ற கோனப்பு பண்டார அவளைக் கைப்பற்றி மணந்தான். விமலதர்மசூரியன் என முடி சூடினான். வாளால் பெற்ற வெற்றிக்கு அவளுடைய குலவுரிமையே முத்திரையாயிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1602இல் மட்டக்களப்பில் இறங்கிய ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டி சென்று அரசனின் நட்பைப் பெற்றான். அடுத்த ஆண்டு கப்பற்படையுடன் மட்டக்களப்புக்கு வந்த டி வேர்ட் என்பவனோ, தான் சிறைப்பிடித்த போர்த்துக்கேயரை விடுவித்து மன்னனின் சினத்துக்கு ஆளானான். கப்பலைக் காண வருமாறு அவன் அழைத்தபோது, அரசி தனித்திருப்பதாகக் கூறி மன்னன் மறுத்தான். அதற்கு டி வேர்ட், மதுமயக்கத்தில், அரசியின் கற்பை இழித்து உரைத்ததாக ஒல்லாந்தக் குறிப்புகள் கூறுகின்றன. அவனும் தோழர் பலரும் அங்கேயே கொல்லப்பட்டனர். இச்சினம் மனைவி மீது கொண்ட அன்பினால் எழுந்ததா? அன்பும் இருந்திருக்கலாம். ஆயினும் அவ்வரசியின் மதிப்பே அரியணையின் மதிப்பாகவும் இருந்தமையால், அச்சொல் அரசையே தாக்கியது.

1604இல் விமலதர்மசூரியன் இறந்தபின் அரசேறிய செனரத்தும் அவளையே மணந்தான். காதலால் அவன் அவளைத் தேர்ந்தான் எனக் கொள்வதிலும், அரசுரிமைக்கு அவள் இன்றியமையாதவளானாள் எனக் கொள்வதே பொருந்தும். 1613இல் அவள் மறைந்தாள். அவள் பெற்ற மைந்தனே 1638இல் ஒல்லாந்தரோடு சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய இரண்டாம் இராசசிங்கன். பிற்காலக் கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண்கொண்டனர்; அதன் விளைவாக 1739இல் அரசியின் சகோதரனே முடிசூட, நாயக்கர் ஆட்சி 1815 வரை நீடித்தது. மணப்பெண்ணின் வழியே அரசு மாறியமைக்கு இது மற்றுமோர் சான்றாகும்.

எமது கிரான் உள்ளிட்ட மட்டக்களப்பு நாட்டார்க்கு இவ்வுண்மை புதிதன்று. இங்கு குடி தாய்வழியே வருவது. மணமகன் மனைவியின் இல்லம் சேர்வதும் மரபு. தாய்வழி உரிமையை விளக்கும் முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. மட்டக்களப்புப் பெண் தன் தாயின் மனையில், தன் சுற்றத்தாரிடையே வாழ்ந்தாள். கத்தரினாவோ தன் உரிமையைச் சுமந்துகொண்டு பிறர் கைகளில் மாறிமாறிச் சென்றாள்.

கதைகளில் இளவரசியின் விசுவாசம் நாயகனுக்கே உரியது. கத்தரினாவிடம் விசுவாசத்தைக் கோரியோர் பலர்: வளர்த்த போர்த்துக்கேயர், வென்ற கணவன், அவன்பின் வந்த கணவன், தந்தையின் குடிகள். அவளுடைய திருமணங்களைப் பற்றிப் பிறர் எழுதியவை பல உள. இவற்றுள் எதையேனும் அவள் விரும்பி ஏற்றாளா என்பதை எவரும் வினவவில்லை. அந்தப்புரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எழுப்பவேண்டிய வினா அதுவேயாகும்.