வியாழக்கிழமைச் சங்கீதம்

மேனாட்டுச் சங்கீதத்தில் 'சேம்பர் மியூசிக்' என்று ஒரு வகை உண்டு. அறைச் சங்கீதம் என்று அதனை நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பற்பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்கும் பெரிய இசைக்குழுவுக்கு இது நேர் மாறானது. மூவர் அல்லது நால்வர், மிகுந்தால் எட்டு ஒன்பது பேர், ஓர் அறையில் அமர்ந்து வாசிப்பர். கையசைத்து நடத்துவோர் இல்லை; பக்கவாத்தியம், பிரதானம் என்ற பாகுபாடும் பெரும்பாலும் இல்லை. நம் கச்சேரியிலே பிடில்காரர் பாடகரை நிழல்போல் தொடர்வார். இங்கோ நால்வரும் சமமாக உரையாடுவர். கேட்பவர் அருகிலேயே இருப்பதால் தந்தியில் வில் உராயும் ஓசையும் செவியில் விழும்.

இத்தகைய குழு ஒன்று 1934-ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் வால்டர் காஃப்மன் என்பார். 1907-இல் பொஹீமியாவிலுள்ள கார்ல்ஸ்பாடு நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினிலும் பிராக் நகரிலும் சங்கீதம் பயின்றவர். பிராகில் டாக்டர் பட்டத்துக்குரிய படிப்பை முடித்தார். ஆயினும் தம் ஆசிரியருள் ஒருவர் நாஜி இளைஞர் குழு ஒன்றின் தலைவர் என்று அறிந்ததும் அப்பட்டமே வேண்டாமென மறுத்துவிட்டார். ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்த மறு ஆண்டு, பிப்ரவரி மாதத்தில், அவர் பம்பாய் வந்து சேர்ந்தார். ஏன் இந்தியா என்று கேட்டால், இந்தியாவுக்கு விசா எளிதில் கிடைத்தது என்பதே அவர் பின்னாளில் கூறிய விடை. பெரிய பயணங்களின் காரணங்கள் பல வேளைகளில் இவ்வளவு சிறியனவாகவே இருக்கின்றன. ஊரை விட்டு வந்த நம்மில் பலர் இதனை அறிவோம்.

வந்த சில மாதங்களுக்குள் 'பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டி' தொடங்கிவிட்டது. காஃப்மன் பியானோ வாசித்தார். மெஹ்லி மேத்தா என்னும் பார்சி இளைஞர் வயலின். எடிஜியோ வெர்கா செல்லோ. வியாழக்கிழமைதோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் நிகழ்ச்சி. 1937 மே மாதத்துக்குள் 136 நிகழ்ச்சிகள் நடந்திருந்தன! மூன்றாண்டுகளில் வரும் வியாழக்கிழமைகள் ஏறத்தாழ 150 என்றால், மழைக்காலமும் கோடையும் கழித்து, எவ்வளவு சிறிய இடைவெளிகள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒத்திகைகள் தனி.

அந்நாளில் பம்பாயில் மேனாட்டுச் சங்கீதத்தைப் பேணியவர் பெரும்பாலும் பார்சிகள், ஐரோப்பியர், கோவாவிலிருந்து வந்த கிறிஸ்தவர் ஆகியோரே. மாநகரின் ஜனத்தொகையில் அவர்கள் ஒரு சிறு பகுதி. ஆகவே இது ஒரு சிறு கூட்டத்தின் பொழுதுபோக்கு என்று எவரேனும் ஒதுக்கினால் அதில் உண்மை இல்லாமற் போகாது. ஆனால் காஃப்மன் அந்த அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தவர் அல்லர்.

இந்தியச் சங்கீதத்தை முதன்முதல் இசைத்தட்டுகளில் கேட்டபோது அது அவருக்குச் சிறிதும் விளங்கவில்லை; அந்நியமாகவே ஒலித்தது. அறிவும் இதயமும் உள்ள மக்கள் கோடிக்கணக்கில் இதனை விரும்புகின்றனர் என்றால் குற்றம் தம் செவியினதாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் அவர். இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நாமும் வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் குடியேறியவர்கள். சென்ற இடமெல்லாம் சபைகளை நிறுவினோம். பம்பாயிலேயே 1952-இல் ஷண்முகானந்த சபை எழுந்தது. அது பெருமைக்குரியதே. ஆனால் அண்டைவீட்டு மராத்தியரின் நாட்டியசங்கீதத்தையும் வங்காளியின் கீர்த்தனையையும் கேட்டு, 'விளங்கவில்லை, குற்றம் நம் செவியினது' என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

காஃப்மன் இந்திய ராகங்களைப் பயின்று, அவற்றின் சாயலில் புதிய அறைச் சங்கீதப் படைப்புகளை எழுதத் தொடங்கினார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவருடைய இடர்ப்பாடு நன்கு புரிகிறது. பியானோவில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனிக் கட்டையில் நிற்கிறது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. கமகம் அங்கே எழாது. வயலினும் செல்லோவும் இதற்கு ஓரளவு இடங்கொடுக்கும். மேலும், ராகம் ஒற்றை இழையாக வளர்வது. மேனாட்டு முறையிலோ பல ஸ்வரங்கள் ஒரே கணத்தில் அடுக்கப்படுகின்றன. அடுக்கினால் ராகத்தின் முகம் மறையும். அடுக்காவிட்டால் மேனாட்டுச் செவிக்கு வெறுமையாகத் தோன்றும். இப்புதிர் முழுவதும் அவிழ்ந்தது என்று நாம் கூறமாட்டோம். நல்ல மொழிபெயர்ப்பு ஒன்றிலும் மூலத்தின் ஏதோ ஒரு சொல் கரையேறாமல் நிற்பதுபோன்றது அது.

1937 முதல் 1946 வரை காஃப்மன் அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேனாட்டுச் சங்கீதப் பகுதியைக் கவனித்துவந்தார். 1938-இல் 'அனசூயா' என்ற இசை நாடகத்தை வானொலிக்கென்றே எழுதினார். அதே காலத்தில் டில்லி நிலையத்தில் ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் இந்திய வாத்தியக்காரரையும் மேனாட்டு வாத்தியக்காரரையும் ஒரே குழுவில் அமர்த்திப் பார்த்தார். 1939-இல் கல்கத்தாவில் காலரா அவரைக் கொண்டுசென்றது.

வானொலி நேயர் அனைவரும் காஃப்மனை அறிவர், பெயரை அறியாமலேயே! விடியற்காலையில் நிலையம் திறக்குமுன், தம்புராவின் சுருதிமேல் வயலின் ஒன்று சில விநாடிகள் இழையுமே, அந்த முகப்பிசையை அமைத்தவர் அவரே என்பது பரவலான கொள்கை. வேறு பெயர்களைக் கூறுவாரும் உளர். சிவரஞ்சனியின் சாயலுடைய அதனை வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்பர். ஜிம்கானாவின் ஓர் அறையில் நூற்றுமுப்பது தடவைக்கு மேல் வாசித்தும் எட்ட முடியாத மக்களை, அந்தச் சில விநாடிகள் எட்டிவிட்டன. அடுப்பு மூட்டுகையிலும் பால்காரருக்குக் கதவு திறக்கையிலும் கேட்டவர்கள் அதனை மேனாட்டுச் சங்கீதம் என்றோ இந்தியச் சங்கீதம் என்றோ பிரித்துப் பார்க்கவில்லை.

காஃப்மனின் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் சகோதரி மகள். இத்தம்பதியர் கடல் கடந்து தப்பினர். கெர்ட்டியின் தாயார் பிராகிலேயே இருந்துவிட்டார். 1941-இல் நாஜிகள் அவரைப் போலந்துக்கு நாடுகடத்தினர். அவர் மீண்டு வரவில்லை.

1946-இல் காஃப்மன் பம்பாயை விட்டு இங்கிலாந்து சென்றார். பின்னர் கானடாவின் வின்னிபெக் நகரில் இசைக்குழுவை நடத்தினார். 1957 முதல் அமெரிக்காவில் இந்தியானா சர்வகலாசாலையில் பேராசிரியர். அங்கிருந்து வட இந்திய ராகங்களைப் பற்றி 1968-இலும், தென்னிந்திய ராகங்களைப் பற்றி 1976-இலும் இரு பெருநூல்களை வெளியிட்டார். பனிபடர்ந்த அந்நாட்டில் அமர்ந்து நம் மேளகர்த்தாக்களையும் ஜன்னிய ராகங்களையும் வரிசைப்படுத்தியவர், ஒரு காலத்தில் இந்தியச் சங்கீதம் விளங்கவில்லை என்றவரே. 1984-இல் காலமானார். மெஹ்லி மேத்தாவும் அமெரிக்கா சென்று லாஸ் ஏஞ்சலிஸில் இளைஞர் இசைக்குழுவை வளர்த்தார். அவர் மகனே புகழ்பெற்ற ஜூபின் மேத்தா.

காஃப்மனின் அறைச் சங்கீதப் படைப்புகளோ நெடுங்காலம் ஏட்டளவிலேயே உறங்கின. 2020-இல் கானடாவின் டொரன்டோ நகரைச் சேர்ந்த ஏ.ஆர்.சி. குழுவினர் அவற்றுள் சிலவற்றை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டனர். நால்வருக்கென எழுதிய 7-ஆவது, 11-ஆவது படைப்புகளும், எழுவர் வாசிக்கும் ஒன்றும் அதில் உள்ளன.