35 வயசுக்கு மேல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கணுமா? எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்?

ஆபீஸ் மீட்டிங். திரையில் ஒரு சார்ட். ``இந்த வித்தியாசம் ஸ்டாட்டிஸ்டிக்கலி சிக்னிஃபிகன்ட்'' என்கிறார், உங்களைவிடப் பத்து வயசு சின்னவர். எல்லோரும் தலையாட்டுறாங்க, நீங்களும்தான். `அப்படின்னா என்ன?'ன்னு யாராவது நம்மளைக் கேட்டுட்டா... பக்குன்னு இருக்குல்ல?

அன்னிக்கு ராத்திரியே தடியா ஒரு புத்தகம் ஆர்டர் போடுவோம். 40 பக்கம் தாண்டுறதுக்குள்ள ஃபார்முலாக்கள் மிரட்டும். `நமக்கு கணக்கு வராதுப்பா'ன்னு மூடி வெச்சிடுவோம். பல நேரம் தப்பு உங்க மேல இல்லை, தேர்ந்தெடுத்த புத்தகத்து மேல! அதனால, `எது பெஸ்ட் புத்தகம்?'னு தேடுறதுக்கு முன்னாடி, `எனக்கு எது தேவை?'ன்னு கேளுங்க.

அடிப்படையே மறந்துபோச்சா?

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12-ம் வகுப்பு புள்ளியியல் புத்தகங்களை எடுங்க. சராசரி, நிகழ்தகவில் ஆரம்பிச்சு, மிகைகாண் சோதனை வரை தமிழிலேயே இருக்கு. பி.டி.எஃப் இலவசம். `ஸ்கூல் புக்கா?'ன்னு கூச்சப்படாதீங்க. பலருக்கும் விட்ட இடம் அதுதான்.

ரிப்போர்ட்டைப் புரிஞ்சுக்கிட்டா போதுமா?

ஃப்ரீட்மேன், பிஸானி, பர்வ்ஸ் மூவரும் எழுதிய `ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' (முதல் பதிப்பு 1978) உங்களுக்கானது. ஃபார்முலா குறைவு, யோசிக்கவைக்கிற விஷயம் அதிகம். ஓர் உதாரணம்... 1973-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44%, பெண்களில் 35% பேருக்கு இடம் கிடைத்தது. பாரபட்சம்னுதானே தோணுது? ஆனா, துறைவாரியா பிரிச்சுப் பார்த்தா அந்த வித்தியாசம் பெருமளவு மறைஞ்சுபோச்சு. காரணம், சீட் கிடைக்கிறதே கஷ்டமான துறைகளுக்குத்தான் பெண்கள் அதிகமா விண்ணப்பிச்சிருந்தாங்க. மொத்த சதவிகிதத்தை மட்டும் நம்பக் கூடாதுன்னு இதுக்கப்புறம் மறக்குமா?

டேட்டாவோடு வேலை பார்க்கணுமா?

`ஓப்பன்இன்ட்ரோ ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' நல்ல தொடக்கம். இலவசமா டவுன்லோடு பண்ணலாம். ஒற்றைப்படை எண் கணக்குகளுக்குப் பின்னாடி விடை இருக்கு. அதை முடிச்சிட்டு `ஆன் இன்ட்ரொடக்‌ஷன் டு ஸ்டாட்டிஸ்டிக்கல் லேர்னிங்' போங்க. 2013-ல் ஆர் மொழிக்காக வந்த இதன் பைத்தான் பதிப்பு, 2023-ல் வெளியானது. இதுவும் இலவசம்தான். ஆனா, முதல் புத்தகமா இதைத் தொடாதீங்க.

தேற்றம், நிரூபணம் எல்லாம் வேணுமா?

குப்தா - கபூர் எழுதிய `ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிகல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருக்கு. இந்தியக் கல்லூரிகளில் ரொம்பப் பிரபலம். கால்குலஸ் மறந்திருந்தா, முதல்ல அதைத் தூசி தட்டிட்டு வாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி 3 டெஸ்ட்

* நடுவுல ஏதாவது ஓர் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் படிங்க. பாதியாவது புரியணும். எல்லாமே புரிஞ்சா, அது உங்களுக்கு ரொம்ப ஈஸி.

* கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்க. விடை இருக்கா? தனியா படிக்கிறவங்களுக்கு அதுதான் வாத்தியார்.

* உதாரணங்கள் நிஜ டேட்டாவா, வெறும் சீட்டுக்கட்டும் பகடையுமான்னு பாருங்க.

புத்தகம் ஒண்ணு போதும். குழந்தைங்க தூங்கினப்புறம் கிடைக்கிற அரை மணி நேரத்துல, பேப்பர் பேனாவோட தினமும் ரெண்டு கணக்கு போடுங்க. படிச்சா மட்டும் ஒட்டாது, போட்டாத்தான் ஒட்டும்.

அடுத்த மீட்டிங்ல தலையாட்டுறதுக்கு முன்னாடி, ``எத்தனை பேர்கிட்ட எடுத்த டேட்டா இது?''ன்னு கேட்டுப் பாருங்க. அங்கேயே உங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆரம்பிச்சாச்சு!