விதை நேர்த்தியின் வரலாறு: உப்புநீரிலிருந்து பாதரசம் வரை

விதை நேர்த்தி என்பது விதைப்பதற்கு முன் விதையை ஊறவைத்தல், சூடுபடுத்துதல், அதன்மேல் மருந்தைப் பூசுதல் ஆகிய முறைகளால் நோயிலிருந்து காத்து, நன்கு முளைக்கச் செய்வதாகும். விதையின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள நோய்க்காரணிகளை அழிப்பதும், முளைவிடும் இளம்பயிரை மண்ணிலுள்ள பூஞ்சைகளிடமிருந்து காப்பதும் இதன் முதன்மையான நோக்கங்கள். இன்று இது வேளாண் பாடநூல்களில் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும் செய்தி. ஆனால் அதன் பின்னால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உள்ளது. தாவர நோயியல் என்னும் துறை தோன்றியதும், இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய நச்சுணவுத் துயரங்களுள் ஒன்று நிகழ்ந்ததும் இந்த வரலாற்றில்தான்.

தொன்மை வழக்கங்கள்

விதையை எதிலாவது ஊறவைத்து விதைக்கும் வழக்கம் மிகப் பழையது. ரோமானியக் கவிஞர் வர்ஜில், பயறு வகைகளை வெடியுப்பு போன்ற உப்புப் பொருளிலும் ஒலிவ எண்ணெய்க் கசடிலும் நனைத்து விதைப்பவர்களைப் பற்றித் தம் வேளாண் காவியத்தில் குறிப்பிடுகிறார். இந்தியாவில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் மரங்களைப் பற்றிய இயல், விதைகளைப் பாலில் ஊறவைத்து, சாணத்தில் உருட்டி, புகையூட்டும் முறையைச் சொல்கிறது. இவை விளைச்சல் பெருக வேண்டும் என்னும் நோக்கில் செய்யப்பட்டவை. நோய் எதனால் வருகிறது என்ற அறிவு அன்று இல்லை.

கோதுமையின் கரிப்பூட்டை நோய்

விதை நேர்த்தியை அறிவியலாக மாற்றியது ஒரே ஒரு நோய் என்று சொல்லலாம். அது கோதுமையைத் தாக்கும் நாற்றக் கரிப்பூட்டை. இந்நோய் கண்ட கதிரில் மணிகள் வெளியே ஓரளவு இயல்பாகவே தோன்றும். உள்ளே மாவுக்குப் பதிலாகக் கரிய தூள் நிறைந்திருக்கும். அத்தூள் அழுகிய மீனைப் போல நாறும். கதிரடிக்கும்போது நோயுற்ற மணிகள் உடைந்து, தூள் நல்ல மணிகள்மீது படியும். அந்த மணிகளை விதைத்தால் மறு ஆண்டும் நோய் வரும். மாவில் கலந்தால் ரொட்டி உண்ணத்தகாததாகும். ரொட்டியே உயிர்நாடியான ஐரோப்பாவில் இது பஞ்சத்தின் வாசலாக இருந்தது.

முதல் தீர்வு தற்செயலாகக் கிடைத்ததாகக் கூறப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே கோதுமை ஏற்றிவந்த கப்பல் ஒன்று மூழ்கியது. கடல்நீரில் ஊறிய கோதுமை ரொட்டிக்கு ஆகாது என்பதால் உழவர்கள் அதை வாங்கி விதைத்தனர். அவ்வாண்டு மற்ற வயல்களில் கரிப்பூட்டை மிகுந்திருக்க, அந்த வயல்கள் மட்டும் தப்பின. வரிசை விதைப்புக் கருவியால் புகழ்பெற்ற ஜெத்ரோ டல் இச்செய்தியைத் தம் நூலில் பதிவு செய்தார். அதன்பின் உப்புநீரில் விதையை ஊறவைத்துச் சுண்ணாம்பில் புரட்டி விதைப்பது இங்கிலாந்தில் பரவியது. உப்புநீரில் இலேசான நோயுற்ற மணிகள் மிதந்து நீங்கின. சுண்ணாம்பு மேலிருந்த தூளை ஓரளவு அழித்தது. ஆனால் இந்த விளக்கம் அன்றைய உழவருக்குத் தெரியாது.

டில்லே நடத்திய வயல் ஆய்வு

மத்தியூ டில்லே பிரான்சின் துருவா நகர நாணயச்சாலையின் தலைவர். பயிர்களில் ஆர்வமுடையவர். கரிப்பூட்டையின் காரணத்தைக் கண்டறிவோருக்குப் போர்தோ நகரக் கல்விக்கழகம் பரிசு அறிவித்திருந்தது. அன்று அதற்கு மூடுபனி, மண், எரு, வெயில் என ஆளுக்கொரு காரணம் சொல்லப்பட்டது. டில்லே ஒரு வயலை 120 சிறு பாத்திகளாகப் பிரித்தார். சிலவற்றுக்கு ஒரு வகை எரு, சிலவற்றுக்கு வேறு வகை. சிலவற்றில் தூய விதை, சிலவற்றில் கரிய தூள் பூசிய விதை, சிலவற்றில் தூள் பூசியபின் உப்பு, சுண்ணாம்பு முதலியவற்றால் நேர்த்தி செய்த விதை. விதைப்பு நாள்களையும் மாற்றிப் பார்த்தார்.

முடிவு ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. தூள் பூசிய விதைகள் எந்த எருவிலும் நோயைக் காட்டின. நேர்த்தி செய்தவற்றில் நோய் குறைந்தது. 1755இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். நோய் கரிய தூளால் தொற்றுகிறது என்பதை அவர் நிறுவிவிட்டார். ஆனால் அத்தூளை ஒரு நச்சுப் பொருளாகவே கருதினார். அது உயிருள்ளது என்பதை அவர் அறியவில்லை. பின்னாளில் 1847இல், துலான் சகோதரர்கள் இந்நோயின் பூஞ்சைக்கு அவர் பெயராலேயே டில்லீசியா எனப் பெயரிட்டனர்.

செப்புப் பாத்திரம் தந்த விடை

அடுத்த படியை எடுத்தவர் தென் பிரான்சின் மோந்தோபான் நகரில் ஆசிரியராக இருந்த பெனடிக்ட் பிரெவோ. கரிய தூளை நீரிலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். தூளின் ஒவ்வொரு துகளும் விதைபோல் முளைத்து இழை விடுவதைக் கண்டார். அவை பூஞ்சையின் வித்துகள். அவை முளைத்து, மண்ணுக்குள் இருக்கும் கோதுமைக் குருத்தினுள் புகுந்து, பயிரோடு வளர்ந்து, கதிர் வரும்போது மணியை நிரப்புகின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார்.

ஒருமுறை செப்புப் பாத்திரத்தில் இருந்த நீரில் வித்துகள் சரியாக முளைக்கவில்லை. நீரில் கரைந்திருந்த மிகச் சிறிதளவு செம்பே அதற்குக் காரணம் என்பதைப் பிரெவோ உணர்ந்து, மயில்துத்தக் கரைசலில் விதையை நனைத்துப் பார்த்தார். நோய் ஏறக்குறைய மறைந்தது. 1807இல் இவற்றை வெளியிட்டார். ஒரு நுண்ணுயிரி ஒரு நோயை உண்டாக்குகிறது என்பதைச் சான்றுடன் காட்டிய முதல் நூல்களுள் இது ஒன்று. பாஸ்டரின் ஆய்வுகளுக்கு அரை நூற்றாண்டு முந்தையது. ஆயினும் பாரிசின் அறிஞர் குழு இதை ஏற்கவில்லை. பூஞ்சை நோயின் விளைவே அன்றிக் காரணம் ஆகாது என்பது அன்றைய கருத்து. துலான் சகோதரர்களும் ஜெர்மனியின் டி பாரியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெவோ சொன்னது சரி எனக் காட்டும்வரை அந்நூல் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

மருந்தும் நஞ்சும்: பயிரின் எதிர்வினை

ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் கூன் மயில்துத்த நேர்த்தியின் அளவையும் நேரத்தையும் வரையறுத்தார். 0.5 விழுக்காட்டுக் கரைசலில் 12 முதல் 16 மணி நேரம் ஊறவைப்பது அவருடைய முறை. இங்கே ஒரு புதிய சிக்கல் எழுந்தது. பூஞ்சையைக் கொல்லும் செம்பு விதையின் முளைப்புத் திறனையும் குறைத்தது. குறிப்பாக இயந்திரத்தில் கதிரடித்த மணிகளில் உறை கீறியிருந்ததால், அக்கீறல் வழியே செம்பு முளைக்கருவை எட்டியது. ஊறவைத்தபின் சுண்ணாம்புப் பாலில் அலசுவதால் கெடுதல் குறைந்தது. செம்பு கரையாத வடிவுக்கு மாறியதே காரணம். 1910களில் ஆஸ்திரேலியாவில் டார்னெல் ஸ்மித் செப்புக் கார்பனேட்டுப் பொடியை உலர் விதையில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். நீரில் எளிதில் கரையாத அப்பொடி விதையை அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

செம்பைப் பற்றிய மற்றொரு உண்மை 1931இல் வெளிப்பட்டது. பயிர் வளர மிகச் சிறிதளவு செம்பு இன்றியமையாதது என்பது அவ்வாண்டு நிறுவப்பட்டது. உலர்ந்த இலையில் கிலோவுக்குச் சில மில்லிகிராம் செம்பு இல்லாவிட்டால் பயிர் நலியும். அளவு மிகுந்தாலோ வேர் வளர்ச்சி தடைப்படும். தேவையும் நஞ்சும் ஒரே தனிமத்தில் அளவால் மட்டுமே வேறுபடுகின்றன. பாதரசம் இப்படிப்பட்டதன்று. அது எந்தத் தாவரத்துக்கும் எந்த அளவிலும் தேவைப்படாத தனிமம்.

மருந்தில்லா முறைகளும் வளர்ந்தன. உதிரிக் கரிப்பூட்டையின் பூஞ்சை விதைக்குள்ளேயே தங்குவதால் மேற்பூச்சு அதை எட்டாது. டென்மார்க்கின் யென்சன் 1880களின் இறுதியில் வெந்நீர் நேர்த்தியைக் கண்டறிந்தார். பஞ்சாபில் லூத்ரா என்னும் ஆய்வாளர் 1930களில் அதை எளிமையாக்கினார். கோடைக்காலக் காலையில் விதையை நான்கு மணி நேரம் நீரில் ஊறவைத்து, பின் கடும் வெயிலில் உலர்த்துவதே அவர் முறை. அடுப்பும் வெப்பமானியும் தேவையில்லை.

பாதரச மருந்துகளின் காலம்

1913இல் ஜெர்மனியில் ரீம், கரிமப் பாதரசச் சேர்மம் ஒன்று கரிப்பூட்டையை நன்கு கட்டுப்படுத்துவதைக் காட்டினார். விரைவில் உஸ்புலுன், செரசான் முதலிய பெயர்களில் அவ்வகை மருந்துகள் விற்பனைக்கு வந்தன. இவற்றின் செயல்திறன் வியப்பளித்தது. பல பூஞ்சை நோய்களை ஒரே மருந்து தடுத்தது, தேவைப்பட்டதோ மிகச் சிறிதளவு, விலையும் குறைவு. அளவு மிகுந்தாலோ, ஈரமான விதையில் பூசி நீண்ட நாள் வைத்திருந்தாலோ முளைக்குருத்தும் வேரும் தடித்துக் குட்டையாகிவிடும் என்பதைப் பயிரியலாளர் கவனித்தனர். சரியான அளவில் பயன்படுத்தினால் பயிருக்குத் தீங்கில்லை என்று கருதப்பட்டது. பயிரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் விதையைப் பயிர் மட்டுமே பயன்படுத்துவதில்லை.

சுவீடனில் 1940களிலிருந்து மெத்தில் பாதரச மருந்து பரவலாகப் பயன்பட்டது. 1950களில் வயல்களில் விதை பொறுக்கும் பறவைகளும் அவற்றைத் தின்னும் வேட்டைப் பறவைகளும் செத்து விழத் தொடங்கின. ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் நூறாண்டுகளாகச் சேகரிக்கப்பட்டிருந்த பறவை உடல்களை எடுத்து, வைரி இனத்தைச் சேர்ந்த பெரிய வேட்டைப் பறவையின் இறகுகளில் பாதரசத்தை அளந்தனர். 1940 வரை அளவு ஏறத்தாழ ஒரே சீராக இருந்தது. அதன்பின் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. 1966இல் சுவீடன் இந்த வகை விதை மருந்தைத் தடை செய்தது.

ஈராக், 1971

ஈராக்கில் 1956லும் 1960லும் பாதரசம் பூசிய விதையை உண்டு பலர் நோயுற்றனர். அந்தப் பாடம் போதவில்லை. 1971இல் வறட்சிக்குப் பின் ஈராக் அரசு மெக்சிகோவிலிருந்து உயர்விளைச்சல் கோதுமை விதையையும் அமெரிக்காவிலிருந்து வாற்கோதுமை விதையையும் ஏறத்தாழ 95,000 டன் வரவழைத்தது. விதைகள் மெத்தில் பாதரசத்தால் நேர்த்தி செய்யப்பட்டிருந்தன. உண்ணக்கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகளில் எச்சரிக்கை ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபு மொழி மட்டும் தெரிந்த சிற்றூர் மக்களுக்கு அது எதையும் சொல்லவில்லை.

சில பகுதிகளுக்கு விதை வந்து சேர்ந்தபோது விதைப்புப் பருவம் முடிந்துவிட்டது. வீட்டில் உணவுத் தானியம் குறைவு. சிலர் விதையைக் கழுவினர்; சாயம் போயிற்று. சாயத்தோடு நஞ்சும் போய்விட்டது என்று நம்பினர். சிலர் முதலில் கோழிக்கும் ஆட்டுக்கும் கொடுத்துப் பார்த்தனர். சில நாள்களில் ஒன்றும் நேரவில்லை. ஆனால் மெத்தில் பாதரசம் உடனே கொல்லும் நஞ்சன்று. உடலில் சேர்ந்து, வாரக்கணக்கில் கழித்தே மூளையையும் நரம்பையும் தாக்குவது. கை, கால், வாய் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பார்வை சுருங்குதல் ஆகிய அறிகுறிகள் தோன்றியபோது, குடும்பங்கள் பல வாரங்கள் அந்த ரொட்டியை உண்டிருந்தன.

மருத்துவமனைகளில் 6,530 பேர் சேர்க்கப்பட்டனர். 459 பேர் இறந்தனர் என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. மருத்துவமனையை எட்டாதவர்கள் இதில் அடங்கமாட்டார்கள். தாய்க்கு அறிகுறிகள் இலேசாக இருந்தாலும் வயிற்றிலிருந்த குழந்தையின் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டதை இங்கு மேற்கொண்ட ஆய்வுகள் காட்டின. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவு வழியே மீனில் சேர்ந்த அதே சேர்மம் இங்கு விதை வழியே ரொட்டியில் சேர்ந்திருந்தது.

இதற்கு முன்பே 1955 முதல் 1959 வரை துருக்கியின் தென்கிழக்கில் வேறொரு விதை மருந்தால் இப்படி நேர்ந்திருந்தது. கரிப்பூட்டைக்கு எதிரான எக்சாகுளோரோபென்சீன் பூசிய கோதுமையை உண்டு ஆயிரக்கணக்கானோர் தோல் கொப்புளங்களுடன் கூடிய போர்பிரியா நோய்க்கு ஆளாயினர். அத்தாய்மாரின் பாலை உண்ட குழந்தைகள் பல இறந்தன. இரு நிகழ்வுகளிலும் மருந்து தான் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகவே செய்தது. பசிக்கும் காலத்தில் விதையும் உணவும் ஒன்றே என்பதுதான் கணக்கில் கொள்ளப்படவில்லை.

பாதரசத்துக்குப் பின்

1966இல் கார்பாக்சின் என்னும் மருந்து அறிமுகமானது. இது விதைக்குள் ஊடுருவி உதிரிக் கரிப்பூட்டையையும் அழித்தது. பாதரச மருந்துகள் நாடுதோறும் விலக்கப்பட்டன. இந்தியாவின் தடைப்பட்டியலில் எத்தில் பாதரசக் குளோரைடும் பீனைல் பாதரச அசிட்டேட்டும் இடம்பெற்றுள்ளன. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் கலந்த பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளின் உற்பத்தியை 2020க்குள் நிறுத்தக் கோரியது. ஆஸ்திரேலியாவில் கரும்புக் கரணைகளுக்குப் பயன்பட்டுவந்த பாதரச மருந்தின் பதிவும் அவ்வாண்டு நீக்கப்பட்டது.

இன்று உயிரியல் முறைகள் மீண்டும் கவனம் பெறுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் புளோரசன்சையும், பயறு வகைகளுக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியையும் பரிந்துரைக்கிறது. நெல் விதையில் பதரை நீக்க, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதையைப் போட்டு, மிதப்பதை அகற்றி, மூழ்கியதை நல்ல நீரில் அலசி விதைக்கும் முறையும் உழவரிடையே உள்ளது. பிரிஸ்டல் கடற்கரையில் தற்செயலாகத் தொடங்கியதாகச் சொல்லப்படும் உப்புநீர் முறையின் ஒரு பாதி இதுதான்.

மருந்து பூசிய விதைப் பைகளில் நச்சுக் குறியீட்டையும் எச்சரிக்கையையும் வட்டார மொழியில் அச்சிடுவதும், விதைக்கு நிறமேற்றுவதும் இன்று பொதுவான நடைமுறைகள். எஞ்சிய விதையை உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும் எட்டும்படி சொல்வது வேளாண் பணியாளரின் கடமை. கழுவினால் போவது நிறம் மட்டுமே.