ஒரு துவக்கின் பெறுமதி

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, அப்பாவின்ரை துவக்கு இப்ப இருந்தால் என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டார். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்த குடும்பம் அவருடையது. தந்தையாரின் மறைவின் பின் பழைய பெட்டியொன்றை ஒழுங்குபடுத்தியபோது, 1980களில் அத்துவக்கை ஒப்படைத்தமைக்கான பற்றுச்சீட்டு அகப்பட்டதாம். 12 போர், இரட்டைக்குழல், இங்கிலாந்துத் தயாரிப்பு என எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பெறுமதி என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

அந்தக் கோட்டின் மேல் என்ன தொகையை எழுதலாம்?

பழைய துவக்குகளை மதிப்பிடுவோருக்கென்று ஒரு முறை உண்டு. ஓர் இறாத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம் எதுவோ அதுவே 12 போர் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது குழலின் அடியிலுள்ள சோதனை முத்திரையை. லண்டனிலும், 1813 இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையிலும் மிகை மருந்திட்டு வெடித்துப் பார்த்த பின்னரே அது பொறிக்கப்படும். கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இக்காலத் தோட்டாவைப் போடுவது ஆபத்தானது. ஆகவே விலை சரியும். அடுத்து, குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துத் துருக்குழிகளைப் பார்ப்பார். அதைத் தொங்கவிட்டு மெல்லத் தட்டுவார். மணிபோல் ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பற்றாசு உறுதி. மந்தமாக ஒலித்தால் அது விட்டுப்போயிருக்கிறது. பின்னர் பூட்டி ஆட்டிப் பார்த்து, பிடங்கில் வெடிப்பு உண்டா என்று தடவுவார். 1875 இல் வந்த அன்சன்-டீலி பொறியமைப்பு துவக்குச் செய்வதை எளிதாக்கியது. அவ்வகையில் மலிவாகப் பெருகிய சாதாரணத் துவக்குகள் இன்று பிரித்தானிய ஏலங்களில் சொற்ப விலைக்கே போகின்றன.

வன்னியில் இந்த அளவுகோல் மட்டும் போதாது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கி 1920 இல் நிறைவுற்றது. அதன் பின் குடியேற்றத் திட்டங்கள் காட்டைத் திருத்தத் திருத்த, கழனிக்கும் காட்டுப்பன்றிக்குமான எல்லை நீண்டுகொண்டே போயிற்று. இடைப்பட்ட 1916 இல் வந்த 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்குக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. பத்திரமில்லாதவருக்குத் துவக்கை விற்க முடியாது. எனவே இரும்புக்கு எவ்வளவு விலையோ, கச்சேரிக் கடதாசிக்கும் அவ்வளவு விலை இருந்தது.

1970களின் நடுப்பகுதியில் என் பெரியப்பா ஒரு பழைய துவக்கு வாங்கியது நினைவிருக்கிறது. முற்றத்தில் நின்று குழலினூடாக வானத்தைப் பார்த்தார். விரலால் சுண்டிக் காதில் வைத்தார். பிறகு எட்டு மூடை நெல்லும் ஒரு நாம்பனும் கொடுத்தார். அது அதிகம் என்று அயலவர்கள் சொன்னார்கள். "ஒரு பெரும்போகத்தைக் காத்துத் தந்தால் காணும்" என்றார் அவர். கதிர் பால்பிடிக்கும் வேளையில் பன்றிக்கூட்டம் ஓரிரவு புகுந்தால் என்ன மிஞ்சும் என்பதைக் கண்டவரின் கணக்கு அது.

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் தெற்கின் இளைஞர்கள் கையிலெடுத்தவை பெரும்பாலும் வேட்டைத் துவக்குகளும் நாட்டு வெடிகுண்டுகளுமே. கமக்காரனின் கருவி அரசின் கண்ணுக்கு ஆயுதமாகியது. 1980களில் வடக்கில் நிலைமை மேலும் மோசமடைந்தது. துவக்கு வைத்திருப்பவனிடம் பகலில் ஒரு தரப்பு ஒப்படைக்கச் சொல்லும். இரவில் இன்னொரு தரப்பு வந்து கேட்கும். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். எந்த வற்புறுத்தலுமின்றி விற்க விரும்புபவனும் வாங்க விரும்புபவனும் உடன்படும் விலையே நியாயமான சந்தைப் பெறுமதி என்பார்கள். அன்று வன்னியில் விரும்பி விற்பவனும் இல்லை, வாங்குபவனும் இல்லை. அந்தக் கோட்டை இட்டவர், தாமறியாமலே, சரியான விலையைத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் இழப்பின் கணக்கு வேறு. "துவக்குப் போன பிறகு அப்பா என்ன செய்தார்?" என்று நண்பரிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். மூன்று போகம் பரணில் கிடந்து விடியவிடியத் தகரம் தட்டினாராம். நான்காவது போகம் விதைக்கவில்லை.

2009 இன் பின் வயலுக்கு மீண்டவர்களையும் அதே பன்றிகள்தான் எதிர்கொண்டன. களவாய் வைக்கும் கட்டுத்துவக்கும் பன்றிவெடியும் பன்றியை மட்டுமன்றி யானையையும் மனிதனையும் சிதைக்கின்றன. உரிமத்தோடு வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரு துவக்கின் அருமை அப்போது விளங்குகிறது.

நண்பருக்கு இறுதியில் இவ்வளவே சொன்னேன்: துவக்கின் விலை பெரிதல்ல, அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள். அதன் பின்புறத்தில் வயலின் பரப்பையும், விதைக்காமல் விட்ட ஆண்டையும் எழுதி வையுங்கள். இதைப் படிப்பவர்களிடம் இப்படியொரு சீட்டு இருந்தால், அவர்களுக்கும் அதையே சொல்வேன்.