ஒரே தேதி, இரண்டு பாடம்

ஜனவரி 28. இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1986-ல் அந்த நாள்தான் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் பலி! 'குளிரில் ரப்பர் வளையம் தாங்காது' என்று முதல் நாள் இரவே இன்ஜினீயர் ரோஜர் பாய்ஜோலியும் சகாக்களும் மன்றாடியிருந்தார்கள். மேலிடம் கேட்கவில்லை. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு அறநெறி சொல்லித்தர உலகம் முழுக்க இந்தக் கதையைத்தான் எடுக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொழில் நெறிமுறைத் தாள் எழுதிய நம்ம கோவைப் பிள்ளைகளுக்கும் இது அத்துப்படி. அப்போதெல்லாம் பதினாறு மார்க் கேள்வியாச்சே!

சரியாக 25 வருடம் கழித்து, 2011. அதே ஜனவரி 28. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

முன்கதை இதுதான். பனியன் ஏற்றுமதியில் டாலர் கொட்டியது. சாயக்கழிவு நொய்யலில் கொட்டியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயத் தொட்டியாகிப் போனது. 'அணையைத் திறந்துவிடுங்கள்' என்று கேட்க வேண்டிய விவசாயிகளே, 'திறக்காதீர்கள்' என்று போராடினார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். 'ஒரு சொட்டுக் கழிவு வெளியே வரக்கூடாது' என்று 2006-ல் உயர் நீதிமன்றமும், 2009-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாகிவிட்டது. அப்புறமும் நடக்கவில்லை. அதனால்தான் பூட்டு!

ஏனுங்க, நம் வகுப்புகளில் வைக்க வேண்டிய கேஸ் இதுதானே? சேலஞ்சரில் யார் பக்கம் நியாயம் என்பது பளிச்சென்று தெரியும். இங்கே அப்படியில்லை. முதல் பெஞ்ச் பையன் வீட்டில் பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். கடைசி பெஞ்ச் பையன் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகித் தென்னை கருகியிருக்கும். பட்டறையை மூடினால் அவனுக்குக் கஷ்டம், திறந்தால் இவனுக்கு. இப்போது வாத்தியார் கேட்கட்டும்: தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவை எழுதாமல் காட்டிய லாபம், நிஜமாகவே லாபமா? அந்தச் செலவை யார் பேரில் எழுதுவது? முதலாளியா, அரசாங்கமா, எங்கேயோ இருந்து மலிவாகச் சட்டை வாங்குகிறவரா? பி.காம். படிக்கிறவனுக்கும் இதில் வேலை உண்டு.

பட்டறைகள் பிற்பாடு, கழிவை வெளியே விடாத தொழில்நுட்பத்தோடு படிப்படியாகத் திறந்தன. செலவு ஜாஸ்திதான். ஆனால், முடிந்தது. அப்படியானால் முன்பே ஏன் முடியவில்லை?

மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். யார் பக்கம் நின்றான் என்று பார்த்து மார்க் போட வேண்டாம். ஏன் நின்றான் என்று பார்த்துப் போடுங்கள்.